பெயர் வேண்டாம்

பெயர் வேண்டாம், பெருங்குடி.
கேள்வி: பெண்ணுறுப்பிலும் கிருமி குடியிருக்கிறது என்கிறாள் மைக்ரோபயாலஜி படிக்கும் என் மகள். கேட்கவே அருவருப்பாக இருக்கிறதே?
பதில்: ஒழுங்காக வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர்கள் அம்மா. லாக்டோபேசில்லஸ் என்று பெயர். உங்கள் வீட்டுத் தயிரைப் புளிக்க வைக்கும் கூட்டத்துக்குப் பங்காளி முறை. 1892-இல் ஜெர்மன் மருத்துவர் டோடர்லைன் இவர்களைப் பற்றி எழுதினார். லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாகவே வைத்திருப்பார்கள். அந்தப் புளிப்புதான் வாடகை. கெட்ட கிருமிகளுக்கு அது ஆகாது.

பெயர் வேண்டாம், வேளச்சேரி.
கேள்வி: நான் தினமும் உள்ளே சோப்பு போட்டுக் கழுவுகிறேன். நல்லதுதானே?
பதில்: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை 'வெறும் சேறு' என்று நினைத்துத்தானே குப்பை கொட்டினோம்? நாரை இருந்த இடத்தில் நாற்றம் வந்து உட்கார்ந்தது. சோப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். உள்ளே உடம்பே பார்த்துக்கொள்ளும்.

பெயர் வேண்டாம், அடையாறு.
கேள்வி: எத்தனை முறை குளித்தாலும் மீன் வாடை. வெட்கமாக இருக்கிறது.
பதில்: குளியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நல்ல குடித்தனக்காரர்கள் குறைந்து, காற்று பிடிக்காத கிருமிகள் பெருகியிருக்கலாம். பாக்டீரியல் வெஜைனோசிஸ் என்பார்கள். மீனில் வாடை கிளப்பும் அதே அமீன் ரசாயனம்தான் இங்கேயும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், செல்லின் ஓரமே தெரியாத அளவுக்குக் கிருமி மொய்த்திருக்கும். அதற்கு 'க்ளூ செல்' என்று பெயர், அதாவது துப்புக் கொடுக்கும் செல். துப்பு கிடைத்துவிட்டால் மாத்திரையிலேயே சரியாகும். கர்ப்பிணிகள் தள்ளிப்போடவே கூடாது.

பெயர் வேண்டாம், தி.நகர்.
கேள்வி: வெள்ளைப்படுதல் உடம்புச் சூட்டினால் வருகிறது, இளநீர் குடி என்கிறார் மாமியார்.
பதில்: இளநீரை மாமியாருக்குக் கொடுங்கள், நீங்கள் டாக்டரைப் பாருங்கள். ஓரளவு வெள்ளைப்படுவது இயல்பு. நிறம் மாறினாலோ, நாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலி இருந்தாலோ இயல்பில்லை. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங் குழுவினர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு பெண் நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்களோ வெறும் 8 சதவீதம். 1989-இல் 'லான்செட்' இதழில் வந்த கணக்கு இது. மற்றவர்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள் போலும்.

பெயர் வேண்டாம், மந்தைவெளி.
கேள்வி: மருமகளுக்குக் கருக்குழாய் அடைப்பாம். ஒரு தொந்தரவும் சொன்னதில்லையே?
பதில்: உடலுறவில் பரவிக் கருக்குழாயை அடைக்கக்கூடிய கிளமிடியா என்ற பாக்டீரியா பெரும்பாலும் சத்தமே போடாது. நம் நாட்டில் காசநோய்க் கிருமியும் கருக்குழாயில் போய் உட்காருவதுண்டு. பரிசோதனைக்கு உங்கள் மகனையும் அனுப்புங்கள். அவரை விட்டுவிட்டு மருமகளுக்கு மட்டும் மருந்து கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

பெயர் வேண்டாம், மயிலாப்பூர்.
கேள்வி: பால்வினை நோயெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே?
பதில்: சிபிலிஸை இத்தாலிக்காரர் 'பிரெஞ்சு நோய்' என்றார், பிரெஞ்சுக்காரர் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார், நாம் 'பறங்கிப்புண்' என்றோம். பழியை அடுத்த வீட்டு வாசலில் கொட்டுவதில் மட்டும் யாதும் ஊரே!

மறுபடியும் பெயர் வேண்டாம், பெருங்குடி.
கேள்வி: மகள் இதிலேயே ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வேன்?
பதில்: 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமன். அவருடைய மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த ரத்த மாதிரிகளைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். பிறகு கணவருடன் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. அது வைரஸ்தான், ஆனால் பாக்டீரியா உண்டாக்கும் புண்ணும் அதற்குக் கதவைத் திறந்துவிடலாம். சுனிதி தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எச்.ஐ.வி. மையம் உங்களுக்குப் பக்கத்துத் தரமணியில்தான் பல ஆண்டுகள் இயங்கியது. மாப்பிள்ளையிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஃபிரிட்ஜில் ஒரு தட்டு விட்டுக்கொடுப்பாரா?

பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.
கேள்வி: ஏன் சார், இந்த வாரம் ஒருவர்கூடப் பெயர் போடவில்லை?
பதில்: 1879-இல் வெட்டை நோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார் ஆல்பர்ட் நைசர். அந்தக் கிருமிக்கு இன்று நைசீரியா என்று அவர் பெயர்தான். கண்டுபிடித்தவர் பெயர் பாடப்புத்தகத்தில் நிற்கிறது, கேள்வி கேட்பவர் ஊரைக்கூட மறைக்கிறார். பரவாயில்லை, டாக்டரிடமாவது பெயரைச் சொல்லுங்கள். டோக்கன் கூப்பிடும்போது எழுந்திருக்க வேண்டுமே!