ஏழாங்கிளாஸ் தாண்டாத வீரர்

குமாரபாளையம் தறிப்பட்டறைகளில் நைட் ஷிப்டுப் பையன்கள் செல்போனில் 'பிரின்ஸ் ஆஃப் டென்னிஸ்' அனிமே தொடரின் புது சீசன் பார்க்கிறார்கள். தறிச் சத்தத்தில் வசனம் கேட்காது. கேட்டாலும் ஜப்பானிய மொழி, நஷ்டமில்லை.

2001-இல் தொடர் ஆரம்பித்தபோது நாயகன் ரியோமாவுக்கு 12 வயது. அதற்கப்புறம்தான் ஃபெடரர் 20 கிராண்ட்ஸ்லாம் ஜெயித்து, 2022-இல் ஓய்வும் பெற்றார். 2024-இல் உலகக் கோப்பை அரையிறுதிக்கு வந்துவிட்ட ரியோமா இன்னும் ஏழாங்கிளாஸ்தான். (நம் சீரியல்காரர்கள் கவனிக்க.)

தொடரில் தெசூகா என்றொரு கேப்டன். எதிராளி எங்கே அடித்தாலும் பந்து சுழன்று அவர் நிற்கும் இடத்துக்கே வரும்.

"நம்ம மொதலாளியாட்டமேங்ணா, உக்காந்த எடத்துக்கே அல்லாம் வருது" என்றான் தார் மாட்டிக்கொண்டிருந்தவன்.

ஊரில் டென்னிஸ் பந்து விற்பது கிரிக்கெட்டுக்கு. மட்டை என்றால் கொசு பேட். ரியோமாவின் ட்விஸ்ட் சர்வ் அதிலேயே வரும் என்று சாதிக்கிறான், போன வாரம் ட்யூப்லைட்டை உடைத்தவன்.