கானா ஊர்ப் பந்தியும் கொத்து ரொட்டியும்

பாரிஸுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் ஊர் பார்க்கப் போவதாகச் சொல்வது பாதி உண்மை. அன்றைய பொழுதை நடத்துவது வயிறுதான். லூவ்ர் அருங்காட்சியகமே அதற்குச் சாட்சி. வெறும் 77 சென்டிமீட்டர் உயர மோனலிசாவை, அதுவும் முன்னால் நிற்பவரின் செல்போன் திரை வழியாகப் பார்க்க, அத்தனை கூட்டம். எதிர்ச்சுவரில் ஓவியர் வெரோனேசே 1563இல் வரைந்து முடித்த கானா ஊர்க் கலியாணம்: ஏறக்குறைய 10 மீட்டர் அகலத்துக்கு முழுப் பந்தி. அதை ஏறெடுத்துப் பார்ப்பவர் குறைவு. பசித்த நேரத்தில் அடுத்தவர் பந்தியை எவர் ரசிப்பார்?

“அவ்வளவு தூரம் போயும் நம்ம சாப்பாடுதானா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கூண்டில் ஏற்ற வேண்டியது நம்மவர் நாக்கை அல்ல. பிரெஞ்சு உணவகங்கள் பலவற்றில் மதியம் இரண்டரை வாக்கில் அடுப்பை அணைத்தால், மறுபடி மூட்டுவது இரவு ஏழுக்கு. அருங்காட்சியகத்துக்குள் வழி தவறி நான்கு மணிக்கு வெளியே வரும் குடும்பம் என்ன செய்யும்? வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷாப்பெலில் ஈழத் தமிழர் கடைகள் உண்டு. கொத்து ரொட்டி கிடைக்கும், காரம் கம்மியாக என்று தமிழிலேயே சொல்லலாம். ஈஃபில் கோபுரமா? 330 மீட்டர் உயரமாயிற்றே, கடை வாசலிலிருந்தே தெரியாதா என்பார் தாத்தா.