தாத்தா கேரவனில், பேரன் தரையில்

இரண்டு வயதுப் பேரனோடு சனி, ஞாயிறு கேரவனில் போய் வெளியே தங்க ஆசை. மகன் 'இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்' என்று சிரிக்கிறான்.
*(அண்ணாநகர் தாத்தா)*

அவருக்கு எங்கே மொட்டை போட்டீர்கள், எங்கே காது குத்தினீர்கள் என்று சொல்லுங்கள், சிரிப்பு நிற்கும். கூண்டு வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, அண்டா குண்டா, விறகு, வெட்டுவதற்கு ஆடு, கூடவே கைப்பிள்ளை என்று அழகர்கோவிலுக்குப் போய், மரத்தடியில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, ராத்தங்கித் திரும்பிய ஜனம் நாம். சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்தவர்கள் வைகை மணலிலேயே சமைத்து, அங்கேயே படுத்தார்கள். அட, அழகரே வருஷா வருஷம் இருபது கிலோமீட்டர் இறங்கி வந்து, மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று, தல்லாகுளத்தில் ஒரு ராத்திரி, வண்டியூரில் ஒரு ராத்திரி என்று தங்கித் தங்கித்தானே போகிறார்! கேரவனில் புதுசு என்று பார்த்தால் ஏசியும் கக்கூசும்தான்.

வாடகை கட்டுபடியாகாது. சொந்த வேனிலேயே ஆசாரியை வைத்துக் கட்டில், அடுப்பு மேடை அடித்துக்கொள்ளலாமா?
*(திருமங்கலம் வாசகர்)*

ஆசாரி சம்மதிப்பார், ஆர்.டி.ஓ. சம்மதிக்க வேண்டுமே! ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி தனியாக இருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஆகி இன்சூரன்ஸ் கேட்டுப் போனால், அந்தக் கட்டிலைக் காட்டியே கையை விரித்துவிடுவார்கள். பகலுக்கு டெம்போ டிராவலர், ராத்திரிக்குத் தெரிந்தவர் தோப்பு வீடு: செலவும் குறைவு, தூக்கமும் நிம்மதி.

வண்டி ஓடும்போதே பேத்தி படுக்கையில் தூங்கலாம்தானே? அதற்குத்தானே கேரவன்?
*(செல்லூர் பாட்டி)*

கூடாது பாட்டியம்மா. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி சட்டென்று நின்றால், கட்டப்படாத குழந்தை அதே 60இல் முன்னால் போகும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிப் போனால், 194பி பிரிவின்படி ஓட்டுகிறவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். உங்கள் மடி எவ்வளவு பாசமானதென்று பிரேக்குக்குத் தெரியாது. படுக்கை, வண்டி நின்ற பிறகுதான்.

வண்டிக்குள்ளேயே கேஸ் அடுப்பில் பால் காய்ச்சிக்கொள்ளலாமா?
*(மேலூர் வாசகி)*

இந்தக் கேள்விக்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். உத்தரப்பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள். காரணம், விதியை மீறி உள்ளே ஏற்றியிருந்த கேஸ் சிலிண்டர். நின்ற வண்டிதானே என்று நினைக்காதீர்கள். அதுவும் நின்ற பெட்டிதான். அடுப்பை வெளியே, திறந்தவெளியில், வண்டியை விட்டுத் தள்ளி வையுங்கள். குழந்தையை அடுப்புப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வதே ஒருவருடைய முழுநேர வேலையாக இருக்கட்டும். ராத்திரிப் பாலுக்கு பிளாஸ்க்கில் வெந்நீர் போதும்.

ராத்திரி முழுக்க ஏசி ஓடவிடலாமா? மதுரை வெயில் தெரியுமே உங்களுக்கு!
*(வில்லாபுரம் வாசகர்)*

தெரியும். அதனால்தான் சித்திரை, வைகாசியில் போகாதீர்கள் என்கிறேன். மார்கழி, தை போதும். ஏசிக்குப் பதில் போர்வை கேட்பீர்கள். ஏசி வேண்டுமானால் வீட்டு மின்சாரத்தில் செருகி ஓட்டுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததுதான் காரணம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். பகலிலும் ஒரு நிபந்தனை: 'ஒரு நிமிஷம்தான்' என்று பிள்ளையைப் பூட்டிய வண்டியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வெயிலில் பத்து நிமிஷத்திலேயே உள்ளே பத்து டிகிரி வரை ஏறிவிடும்.

கொடைக்கானலுக்கே ஓட்டிப் போய்விட்டால்?
*(ஆரப்பாளையம் வாசகர்)*

இ-பாஸ் எடுங்கள், உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் அது கட்டாயம். மாற்றுத்துணியும் எடுங்கள்; கொண்டை ஊசி வளைவுகளின் உத்தரவு அது.

சரி, எங்கேதான் போவது? திட்டம் போட்டுக் கொடுங்கள்.
*(கே.கே.நகர் தம்பதி)*

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாத திட்டம்தான் நல்ல திட்டம். சனிக்கிழமை வெயில் தாழக் கிளம்பி, சோழவந்தான் பக்கமோ அலங்காநல்லூர் பக்கமோ சொந்தக்காரர் தென்னந்தோப்பில் நிறுத்துங்கள். கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். பெரியாறு வாய்க்கால் கரை அழகாயிருக்கிறதென்று அங்கே வேண்டாம். நடக்கப் பழகிய பிள்ளைக்கு வாய்க்காலும் கிணறும் ஆபத்து. மரத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம். தேங்காய்க்குப் பேரன் தாத்தா பேதமில்லை. இருட்டியபின் டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள், பூச்சி பொட்டு இருக்கும். காலையில் பம்புசெட்டுக் குளியல், பெரியவர் கையில் பிடித்தபடி.

ஞாயிறு அழகர்கோவில். பதினெட்டாம்படிக் கருப்பரை மூடிய கதவு வழியே கும்பிட்டு, மலைமேல் நூபுர கங்கைத் தண்ணீரைத் தலையில் தெளித்து, உளுந்தும் மிளகும் மணக்கும் அழகர்கோவில் தோசை ஒன்று வாங்குங்கள். மறைத்துக்கொண்டு வாருங்கள், அந்த மலைக் குரங்குகள் பையின் கனத்தை வைத்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும். பிள்ளை கையில் வாழைப்பழம் கொடுத்தீர்களோ, அது குரங்குக்குக் கொடுத்ததாகவே கணக்கு.

கீழடி அருங்காட்சியகம் காட்டலாமா? அறிவு வளருமே!
*(சிலைமான் ஆசிரியர்)*

உங்களுக்கு வளரும். 2023இல் திறந்த அந்த இடத்தைப் பெரியவர்கள் அவசியம் பாருங்கள். தோண்டியெடுத்தவற்றில் பகடையும் சுடுமண் சில்லும் உண்டு. அந்தக் காலத்திலும் விளையாடியிருக்கிறார்கள். உங்கள் பேரன் உள்ளே இருப்பதைப் பார்க்க மாட்டான், வெளியே கிடக்கும் ஓட்டாஞ்சில்லைப் பொறுக்குவான். அவனும் தொல்லியலைத்தான் செய்கிறான், விடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால்?
*(பயந்த சுபாவப் பாட்டி, திருநகர்)*

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையோடு இருக்கட்டும். இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தபடியே டாக்டரிடம் போங்கள். ஜிகர்தண்டா மருந்தல்ல, அது தாத்தாவுக்கு.

வண்டிக் கக்கூஸ் தொட்டியை எங்கே காலி செய்வது? கண்மாய் பக்கத்திலேயே இருக்கிறது...
*(பெயர் வேண்டாம், உசிலம்பட்டி)*

பெயர் வேண்டாமென்று சொன்னபோதே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கிறது. வீட்டு செப்டிக் டேங்கில் இறக்குங்கள். அந்தக் கண்மாய்த் தண்ணீரில் விளையும் அரிசி உங்கள் தட்டுக்கும் வரும்.

இவ்வளவும் செய்து, குழந்தைக்கு எது பிடிக்கும்?
*(சந்தேக மருமகள், ஊமச்சிகுளம்)*

மண், தண்ணீர், ஆட்டுக்குட்டி, தாத்தாவின் செருப்பு. கேரவன் உங்களுக்குத்தான் அம்மா. அவனுக்கு வேண்டியது வண்டியல்ல, அது நிற்கிற இடம். குறைவாக ஓட்டுங்கள், அதிகமாக நில்லுங்கள்.

பெரியவனானால் இதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்குமா?
*(அண்ணாநகர் தாத்தா, மறுபடியும்)*

இருக்காது. ஆனால் நீங்கள் நூறு தடவை சொன்னால், அவனே பார்த்ததாக ஊருக்கெல்லாம் சொல்லத் தொடங்குவான். அதனால் இப்போதே அளந்து சொல்லிப் பழகுங்கள்: குரங்கு பிடுங்கியது ஒரு வாழைப்பழம்தான், தார் அல்ல.