நெய்மாருக்கு முந்தைய டீல்

2017இல் நெய்மார் பார்சிலோனாவிலிருந்து பாரிசுக்கு 22.2 கோடி யூரோவுக்குப் போனதை உலக சாதனை என்கிறார்கள். திருப்பாலைவனம் பக்கம் வந்து சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ஐரோப்பியர்கள் இங்கே பக்கத்திலுள்ள பழவேற்காட்டையே கைமாற்றியவர்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் 1781இலும் 1795இலும் ஊரைப் பிடுங்கினார்கள். இரண்டு தடவையும் திருப்பிக் கொடுத்தார்கள். லோன் ஆட்டக்காரர் கணக்கு போலும்! கடைசியில் 1824 லண்டன் உடன்படிக்கையில் பேரம் படிந்தது: மலாக்காவோடு டச்சுக்காரரின் இந்தியக் குடியிருப்புகள் ஆங்கிலேயருக்கு, சுமத்ராவின் பெங்கூலன் டச்சுக்காரருக்கு. நெய்மாரிடமாவது கையெழுத்து வாங்கினார்கள். பழவேற்காடு ஏரியில் வலை போட்டவரை யார் கேட்டார்கள்? இன்றும் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைப் பாடு முறைப்படி மீனவர்களே முறைவைத்துக்கொள்கிறார்கள். ஏஜெண்ட் கமிஷன் கிடையாது.