கடலடியில் ஒரு வீட்டோட மாப்பிள்ளை

வாடா பேராண்டி, உக்காரு. ஆரணியில பட்டுத் தறிக்காரர் வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையா போறியாமே! தெள்ளார் கடைத்தெருவே சிரிக்குதுன்னு இன்னாத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? உனக்கு முன்னாடியே ஒருத்தன் அப்படிப் போயிருக்கான். மரியானா அகழியில, 8,900 மீட்டர் ஆழத்துச் சேத்துல சீனாக்காரங்க கண்டுபிடிச்சு 2023-ல சொன்னாங்களே, அந்த வைரஸ். பள்ளிக்கரணையில செய்யற மத்ஸ்யா 6000 நீர்மூழ்கிக் கப்பலே 6,000 மீட்டர் வரைக்கும்தான். இவன் குடித்தனம் அதுக்கும் கீழே.

புகுந்த பாக்டீரியாவை இவன் கொல்றதில்ல. அதோட மரபணுவுக்குள்ள தன்னோடதைச் செருகிக்கிறான். வீட்டுக்காரன் பெருகினா தானும் பெருகறான். ஆனா ஒண்ணு, வீட்டுக்குக் கஷ்டகாலம் வந்தா இந்த ரக வைரஸ் முழிச்சுக்கும், செல்லைக் கிழிச்சுக்கிட்டுக் கிளம்பிடும். அந்தப் புத்தி மட்டும் உனக்கு வேணாம்.

வந்ததும் வீட்டை உடைக்கிற வைரஸும் அங்க ஏராளம். இத்தாலிக்காரர் ரொபெர்த்தோ தனோவாரோவும் கூட்டாளிங்களும் 2008-ல 'நேச்சர்' பத்திரிகையில கணக்குப் போட்டுக் காட்டினாங்க. ஆயிரம் மீட்டருக்குக் கீழே, கடலடிச் சேத்துல பாக்டீரியா மாதிரி நுண்ணுயிருங்க புதுசா வளர்க்கிற உடம்புல கிட்டத்தட்ட எல்லாத்தையும் வைரஸே உடைச்சுப் போட்டுடுதாம். அதுல வெளிய வர்ற கார்பன் உலகம் பூரா வருஷத்துக்கு 37 கோடியிலிருந்து 63 கோடி டன்! பல்லவ ராஜா நந்திவர்மன் இங்க தெள்ளார்ல பாண்டியனை ஜெயிச்சதை ஆயிரத்துச் சொச்சம் வருஷமா பேசறோம். அங்க தினம் நடக்குற சண்டையைப் பேச நாதியில்ல.

அநியாயமா இருக்கேன்னு பொங்காதே. வெயில் எட்டாத இடம்டா அது. மேலேயிருந்து செத்து மக்கி விழறதுதான் அங்க பெரும்பாலும் ஆகாரம், அதுவும் அரைவயித்துக்கு. பாக்டீரியா உடைஞ்சா, அதைத் தின்னக் காத்திருந்த புழுவுக்கு நஷ்டம்தான். ஆனா சத்து சேத்துல கரையுது, தப்பிச்ச பாக்டீரியாவுக்கு அதுதான் சோறு. தின்னு பெருகுது, மறுபடி உடையுது. வைரஸ் இல்லேன்னா அந்தப் பட்டினிக் காட்டுல இத்தனை பாக்டீரியா பொழைக்குமா?

சரி, போய் வேட்டியை மாத்து, நிச்சயத்துக்கு நேரமாச்சு. இந்தக் கதையை மட்டும் மாமனார்கிட்ட அளந்துடாதே. பட்டுப்புழு உடம்பு வீங்கி, வெள்ளையா நீர் கசிஞ்சு சாகுதே, அதுவும் வைரஸ் பண்ற வேலைதான். பட்டுக்காரர் வீட்டுல வைரஸைப் புகழ்ந்த மாப்பிள்ளைக்குப் பொண்ணு தர மாட்டாங்க.