மாடியில் இறக்கை கட்டுவோருக்கு

முதலில் வீட்டில் அனுமதி வாங்குங்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு அவசரமில்லை. மும்பை கான்டிவலியில் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் போகும் விமானம் கட்டிய அமோல் யாதவுக்குப் பதிவு கிடைத்தது 2017-இல், பறந்து பார்க்க அனுமதி 2019-இல். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ஓடுதளக் கவலையும் வேண்டாம். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது ஒன்று கிடக்கிறது. போகவர அதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

1910-இல் பல்லாவரத்தில் பறந்த ஹோட்டல்காரர் டி'ஏஞ்சலிஸுக்கு விமானத்தைக் கட்டிக் கொடுத்தது சிம்ப்சன் வண்டிப் பட்டறை. அந்தக் காலத்து இறக்கைக்குத் துணி போர்த்தினால் போதும். உங்களுக்கு வாய்த்திருப்பது முக்கால் மில்லிமீட்டர்கூடத் தேறாத அலுமினியத் தகடு.

அதைத் தொடுமுன் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்குங்கள். இறக்கைச் சட்டத்தை மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, இரு முனையிலும் நூலைத் தொங்கவிட்டு, வரைபடம் சொல்லும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். 'பரவாயில்லை, தகடு அடித்தால் சரியாகிவிடும்' என்று ஒரு மாமா சொல்வார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ரிவெட் அடித்து மூடிய பிறகு முறுக்கு ஆயுளுக்கும் நிற்கும். விமானம் ஒரு பக்கமாகவே சாயும், நீங்கள் ஸ்டிக்கை மறுபக்கம் இழுத்துப் பிடித்தபடியே ஊர் போய்ச் சேரலாம்.

சித்திரை வெயிலில் காய்ந்த தகட்டை நிழலில் இருந்த சட்டத்தில் பொருத்திப் பார்த்துவிட்டு, பாகங்களை அனுப்பிய கிட் கம்பெனிக்காரனைத் திட்டாதீர்கள். 3 மீட்டர் தகடு, 20 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் நீளும். ஓட்டை எப்படி ஒத்துப்போகும்? விடியற்காலையில் வேலை செய்யுங்கள்.

ஓரம் துருத்திக்கொண்டிருந்தால் கை தானாகத் தகரக் கத்தரிக்குப் போகும். கத்தரியை மச்சானிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். துணி கிளிப் மாதிரி கடிக்கும் கிளெக்கோக்களை மாட்டி, தகடு முழுக்கப் படிந்த பிறகே கோடு போட வேண்டும். அதுவும் மார்க்கர் பேனாவால். ஆசாரி காதில் செருகிய பென்சில் இங்கே உதவாது. ஈரம் பட்டால் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்க வைக்கும். கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, மிச்சத்தை அரத்தால் இறக்குங்கள். ஓட்டையின் நடுவிலிருந்து விளிம்புவரை ரிவெட் விட்டத்தைப் போல இரு மடங்கு இடம் மிஞ்ச வேண்டும். புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சி மரச் சிற்பிகளைக் கேளுங்கள், செதுக்கி எறிந்ததை ஒட்ட வைக்க முடியுமா என்று.

விளிம்பை நீளவாக்கில் தேய்த்து, நகத்தால் வருடுங்கள். நகம் சிக்கும் கீறலில்தான் பின்னாளில் விரிசல் பிறக்கும். இந்த வேலைக்குக் கைதட்டல் கிடையாது, போட்டோவிலும் தெரியாது. ஆனால் இறக்கை என்பதே இதுதான்.

ரிவெட் அடிக்க இருவர் வேண்டும்: வெளியே துப்பாக்கி பிடிக்க ஒருவர், உள்ளே கை விட்டு இரும்புக் கட்டையை முட்டுக்கொடுக்க ஒருவர். கை ஒல்லியாக, நீளமாக உள்ள உறவினர் யாரோடாவது சண்டை இருந்தால் இப்போதே சமாதானமாகிவிடுங்கள். சத்தம் கேட்டு அக்கம்பக்கம் வந்தால் பீரோ செய்வதாகச் சொல்லுங்கள்.

கீழ்த் தகட்டை மூடுமுன் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மச்சான் கத்தரியை எங்கே ஒளித்தார் என்று தெரியவரும்.