ஒப்பந்ததாரருக்கும் ஓர் எல்.எல்.ஆர்.!

பெறுநர்:
ஒன்றியச் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: சாலை போடுகிறவர்களுக்கு உரிமம் வழங்கி, பிறகு அதை முடக்கிவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988 (2019 திருத்தத்துடன்), பிரிவுகள் 194-டி, 198-ஏ, 210-பி.

ஐயா,

தமிழ்நாட்டிலிருந்து ஓர் இருசக்கர வாகன ஓட்டி எழுதும் விண்ணப்பம். தாங்கள் 2019இல் கூட்டிய அபராதங்கள் எங்கள் மாநிலத்துக்கு 2022 அக்டோபரில் வந்து சேர்ந்தன. ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய். சட்டப்படி மூன்று மாதம் உரிமமும் போகும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000. பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டியோடு பிடிபட்டால் பெற்றவருக்கு 25,000 அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. இதில் எதையும் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. உடைவது எங்கள் மண்டைதான். அதன் மீது தங்களுக்கு இவ்வளவு அக்கறை இருப்பது பெருமைதான்.

சந்தேகமெல்லாம் 198-ஏ பற்றி. சாலையை விதிப்படி போடாமலோ பராமரிக்காமலோ விட்டதால் ஒருவர் இறந்தால், அல்லது ஊனமானால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நான் ஹெல்மெட் இல்லாமல் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாலும் குற்றவாளி. குழியோ, ஆளை விழுங்கும்வரை நிரபராதி.

விழுங்கிய பிறகும் அவசரப்படக் கூடாதாம். அது எப்படிப்பட்ட சாலை, எவ்வளவு போக்குவரத்தை எதிர்பார்த்தார்கள், ஆபத்து இருப்பது அந்த அமைப்புக்குத் தெரிந்திருக்க நியாயம் உண்டா, சரிசெய்ய அவகாசம் இல்லையென்றால் எச்சரிக்கைப் பலகையாவது வைத்தார்களா என்றெல்லாம் நீதிமன்றம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். என்ன கருணை! சிக்னலில் என்னை மறிக்கும் காவலர் என் தலையின் தன்மையையோ, அன்றைய வெயிலையோ ஒருநாளும் சீர்தூக்கிப் பார்த்ததில்லை. எச்சரிக்கை விஷயத்தில் மட்டும் எங்கள் ஊர்கள் சட்டத்தை முந்திவிட்டன. குழி விழுந்த மறுநாளே பக்கத்து டீக்கடைக்காரர் அதில் ஒரு வேப்பங்கொப்பைச் சொருகிவிடுகிறார்.

ஆகவே என் யோசனை. ஒப்பந்ததாரருக்கு முதலில் எல்.எல்.ஆர். கொடுங்கள். ரோடு ரோலரில் சிவப்பு எழுத்தில் 'எல்' மாட்டிக்கொண்டு ஒரு தெருவை மட்டும் போடட்டும். முதல் மழை வெறித்த மறுநாள் அந்தத் தெருவிலேயே தேர்வு. மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, இருவரும் ஹெல்மெட் அணிந்து, ஸ்கூட்டரில் ஒருமுறை போய்த் திரும்ப வேண்டும். எட்டுப் போட வேண்டாம். போட்ட சாலையே போடவைக்கும். கால் ஊன்றினால் ஃபெயில். தேறியவருக்கு நெடுஞ்சாலை. பிறகு குழி விழுந்தால் மூன்று மாதம் எந்த டெண்டரும் கிடையாது. ஹெல்மெட் மறந்தவனுக்கே மூன்று மாதம் என்னும்போது இது கொடுமையாகாது. கறுப்புப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதில் பெயர் ஏறுவதற்கு, எங்களுக்குப் போல, ஒரு கேமரா க்ளிக் போதாது.

குடித்துவிட்டு ஓட்டுபவருடன் பயணிப்பவருக்கும் அபராதம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022இல் அறிவித்தது. தெரிந்தே கூடப் போனவரும் பங்காளி என்பது அருமையான நியாயம். அதையே இங்கும் நீட்டி, பில்லில் கையெழுத்திட்ட பொறியாளரைப் பின்சீட்டுக்காரராகக் கருத வேண்டுகிறேன்.

கடைசியாக 210-பி. சட்டத்தை அமல்படுத்துகிறவரே அதை மீறினால் இரட்டை அபராதம். ஹெல்மெட் இல்லாத காவலருக்கு 2,000 என்று கணக்கு வருகிறது. படித்ததும் புல்லரித்தது. ஆனால் அந்த ரசீதை அவருக்கு யார் எழுதுவது? அதற்கும் ஒரு பிரிவு போட்டால் உதவியாக இருக்கும். சாலையில் ஏறாத பிரிவுக்கு எஃப்.சி. யார் கொடுத்தார்கள் என்று எங்கள் பகுதியில் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
அபராதமெல்லாம் கட்டி முடித்த குடிமகன்

நகல்:
1. நெடுஞ்சாலைத் துறை – தகவலுக்காக.
2. டீக்கடைக்காரர் – தக்க நடவடிக்கைக்காக.